ரேஷியோ கணக்கு: பல வருடம் பார்த்த பிறகு தோன்றுவது

ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) ஒரு பதிவு எடுபடவில்லை என்பதைக் காட்டிக்கொடுப்பது அதன் அடியில் உள்ள எண்கள்தான். லைக் கொஞ்சம், ரீட்வீட் கொஞ்சம், பதில்கள் மட்டும் பல மடங்கு என்றால் உள்ளே ஆளை வைத்துச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். பிடிக்கவில்லை என்று எண்ணிக் காட்டும் பட்டன் அங்கே இல்லாததால், கோபப்பட்டவர் எழுதித்தான் ஆகவேண்டும். 2017 வாக்கில் இதற்கு ரேஷியோ, அதாவது விகிதம், என்ற பெயர் பரவியது. அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். பயணிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு வருந்துவதாக நிறுவனத் தலைவர் ஆஸ்கர் முனோஸ் முதலில் அறிக்கை விட்டார். அந்த அறிக்கையைப் போட்ட ட்வீட்டின் கீழே பதில்கள் குவிந்தன. மறுநாளே ஒழுங்கான மன்னிப்பு வந்தது.

ரெடிட் என்ற விவாதத் தளத்தில் இது இன்னும் நேரடி. அங்கே டவுன்வோட், அதாவது பிடிக்கவில்லை என்று போடும் எதிர் ஓட்டு, உண்டு. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 கேமில் டார்த் வேடர் என்ற பாத்திரம், காசு கொடுத்து வாங்கிய பிறகும் ஏன் பூட்டியே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சாதித்த பெருமை கிடைக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறோம் என்று கேமை வெளியிட்ட ஈஏ நிறுவனம் பதில் சொல்ல, அந்தப் பதில் மைனஸ் 6 லட்சத்தையும் தாண்டிப் போய், கின்னஸ் பதிவானது. நிறுவனமும் வேடரைத் திறக்கக் கேட்ட கேம் புள்ளிகளைக் குறைத்தது. வெளியீட்டுக்குச் சற்று முன்பு கேமுக்குள் காசு வாங்குவதையே நிறுத்திவைத்தது. காசு கொடுத்து வாங்குபவனின் குரல் பெரிய கம்பெனிக்குக் கேட்க இதைவிட வேகமான வழியை நான் பார்த்ததில்லை. இந்த இடத்தில் ரேஷியோவுக்கு என் முழு ஆதரவு உண்டு.

ஆனால் அதே ஆயுதம் இருநூறு ஃபாலோயர் உள்ள ஒருவர் மேல் திரும்பும்போது பார்க்கவே மனசு கேட்பதில்லை. ஒரு படம் பிடிக்கவில்லை என்று எழுதியிருப்பார், அவ்வளவுதான். ரசிகர் பட்டாளம் கோட் ட்வீட்டில், அதாவது அந்தப் பதிவையே மேற்கோள் காட்டும் தங்கள் பதிவில், இழுத்துப்போட்டுக் கழுவி ஊற்றும். அவர் சொன்னது சரியா தவறா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. எந்தக் கூட்டம் எவ்வளவு வேகமாக வந்தது என்பதைத்தான் அது காட்டும். ஃபேஸ்புக்கில் ஹாஹா ரியாக்‌ஷனும் இப்படித்தான். ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஆளை அவமானப்படுத்த முடிகிறது. வங்கதேசத்தில் ஒரு மதகுரு 2021-ல், பிறரைக் கேலி செய்ய ஹாஹா போடுவது கூடாது என்று மார்க்கத் தீர்ப்பே சொன்னார்.

அப்புறம் 2023 ஜூலையில் ட்விட்டருக்குள் பணம் வந்தது. பதில்களுக்கு நடுவே வரும் விளம்பர வருமானத்தில், சந்தா கட்டியவர்களுக்குப் பங்கு தர ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றே அபத்தமாக எழுதித் திட்டு வாங்கினால் காசு! அன்றிலிருந்து பதில் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. நாம் கோபமாக எழுதும் பதில்கள் அப்படிச் சீண்டி எழுதியவருக்குத்தான் லாபம். தவறைச் சுட்டிக்காட்டியே ஆகவேண்டும் என்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சாதாரண ஆளாக இருந்தால் பெயரை மறைத்துவிட்டுப் போடுவது மேல்.

யூடியூப் கதை வேறு. 2018-ல் யூடியூபே வெளியிட்ட ரீவைண்ட் என்ற ஆண்டுத் தொகுப்பு வீடியோ ஒரு கோடி டிஸ்லைக்கைத் தாண்டியது. 2021 நவம்பரில் அந்த எண்ணிக்கையையே பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிறிய சேனல்களைக் கூட்டமாகத் தாக்குகிறார்கள் என்று சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மிக்சி ரிப்பேர், ஒயரிங் மாதிரியான செய்முறை வீடியோக்களில் டிஸ்லைக் எண்ணிக்கை ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை. அதை எடுத்தது பெரிய இழப்பு. எண்ணைத் திரும்பக் காட்டும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இப்போது தருவது வெறும் மதிப்பீடு. அதனால் கமெண்டுகளைப் புதியவை முதலில் வரும்படி மாற்றி, செய்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படிக்கிறேன். கமெண்டையே மூடி வைத்திருந்தால், மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்த வீடியோவையும் பார்த்துச் செய்ய வேண்டாம்.