கழுத்து பெல்ட்டா, கழுத்துப் பயிற்சியா?

மூன்று மாதங்களைத் தாண்டியும் விடாத கழுத்து வலிக்கு, வேலூர், குடியாத்தம் பக்கத்தில் பலரும் முதலில் நாடுவது மருந்துக் கடையில் விற்கும் பெல்ட்டைத்தான். பயிற்சி, வலி தாங்க முடியாமல் போன பிறகே நினைவுக்கு வருகிறது. இந்த வரிசை மாற வேண்டும்.

பீடி சுற்றும் பெண்ணின் வேலையைக் கவனித்தால் காரணம் விளங்கும். முறம் மடியில் இருக்கிறது. இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் வரை பார்வை மடியை விட்டு அகலுவதில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று இருப்பதால் நிமிர்வதற்கும் மனம் வராது. சுமார் 5 கிலோ எடையுள்ள தலை முன்னே சாயச் சாய, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளின் பாரம் பன்மடங்காகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ தைப்பவர்களுக்கும் இதே நிலைதான். எக்ஸ்ரேயில் தெரியும் 'எலும்புத் தேய்மானம்' நடுத்தர வயதைக் கடந்தவர்களில் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும் என்பதால், அதை மட்டும் பார்த்து அஞ்சத் தேவையில்லை.

பெல்ட் அணிந்ததும் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது, வலி தணிகிறது. கைக்குப் பரவும் நரம்பு வலி புதிதாகத் தோன்றியிருந்தால், மருத்துவர் ஆலோசனையுடன் சில வாரங்கள் அணிவதில் பயனும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் அணிந்தால் உழைக்காத தசைகள் வலுவிழந்து, கழுத்து இறுகி, கழற்றிய அன்றே வலி திரும்புகிறது. பயிற்சியோ முதல் நாளில் எதையும் தருவதில்லை. சற்று வலியைக் கூட்டவும் செய்யலாம். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி 5 விநாடி எதிர்த்து அழுத்துவது, முகவாயை உள்ளிழுப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது ஆகியவற்றைத் தினமும் பத்துப் பத்து முறை செய்தால், 6 முதல் 12 வாரங்களில் வித்தியாசம் தெரியும். முறத்தை மடியிலிருந்து ஒரு சிறு பலகைக்கு உயர்த்துவதும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதும் இதனுடன் சேர வேண்டும். வேலை செய்யும் விதம் மாறாமல் பயிற்சி மட்டும் வெல்லாது.

வலி மாத்திரை சில நாட்களுக்கு உதவும். நீண்ட காலம் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வெந்நீர் ஒத்தடத்தால் கெடுதல் இல்லை. கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சுளுக்கு எடுப்பதை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன்; மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அதில் கிழியக்கூடும்.

நூல் முடிச்சுப் போட விரல்கள் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அப்படி நசுங்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயையும் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் எது தென்பட்டாலும் பெல்ட்டையும் பயிற்சியையும் நம்பிக் காத்திராமல், வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனைக்கோ அன்றே செல்ல வேண்டும்.