நாட்டி நிறுப்பதா, கொண்டு களைவதா?

கட்டுரைப் போட்டிக்கு வரும் கடலூர் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் தலைப்பு: ‘கடல் அரிப்புக்குக் கல் கொட்டுவது தீர்வா?’ இல்லை என்று வாதிட இரண்டு வழிகள் உண்டு. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது ஒரு கருத்தைக் கையாளும் முறைகளில், இரண்டுமே இருக்கின்றன: ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’ (தன் கருத்தை முன்வைத்து நிலைநாட்டுவது), ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ (பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பிறகு மறுப்பது).

முதல் வழியில் கருத்து முதல் வரியிலேயே வந்துவிடும்: ‘கல் அரிப்பைத் தடுப்பதில்லை, அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறது.’ அடுத்து காரணம்: நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, குறுக்கே சுவர் எழுந்தால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். பிறகு சான்று: 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பின் நகரக் கடற்கரை மணலை இழந்தது; அங்கே கல் கொட்டியதும் அரிப்பு வடக்கே மீனவக் குப்பங்களுக்கு நகர்ந்தது. மறுப்புக்குக் கடைசியில் ஒரு பத்தி போதும். தேர்வுக்கு இதுவே சரி. திருத்துபவர் கருத்தைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் படிப்பவரின் வாசலிலேயே அலை அடித்தால்? தேவனாம்பட்டினத்து மாணவி ஒருத்தி இப்படித்தான் எழுதி வந்தாள். “ஐயா, எங்கள் அப்பா முதல் வரியிலேயே தாளைக் கீழே வைத்துவிடுவார்” என்றாள். உண்மைதான். மாற்றி எழுதினாள்: ‘கார்த்திகையில் கடல் வாசலுக்கு வரும்போது கல்லைத் தவிர வேறு எதைக் கேட்பது?’ கல் கொட்டிய இடம் நிற்கிறது என்பதை ஒரு முழுப் பத்தியில் மனதார ஒப்புக்கொண்டாள். அதன் பிறகே ‘கல் முடிகிற இடத்தில் யார் வீடு இருக்கிறது?’ என்று திரும்பினாள். அந்தத் திருப்பத்தில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

இதில் ஆபத்தும் உண்டு. ஒப்புதல் நீண்டால் நாம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒப்புக்காக ஒப்புக்கொண்டாலோ எதிரில் இருப்பவர் உடனே கண்டுகொள்வார். அதற்கு முதல் வழியே மேல்.

எதிர்க்கருத்து உடையவரின் மனத்தை மாற்ற வேண்டுமென்றால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

சுவரின் தென்புறம் தேங்கும் மணலை அள்ளி வடபுறம் சேர்க்கலாம் என்று அவள் முடித்திருந்தாள். அப்பா முழுவதும் படித்துவிட்டு, “அதுவரை வீடு தாங்குமா?” என்று கேட்டாராம். அந்தப் பத்தியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள்.