கேதார்காந்தா போறீங்களா? ஸ்பைக்ஸைச் சாங்ரியிலேயே மாட்டிப் பாருங்க

டிசம்பர், ஜனவரிக்கு உத்தரகாண்ட்ல இருக்கிற கேதார்காந்தா பனிமலை ட்ரெக் புக் பண்ணியிருக்கிறவங்க, மீதிப் பணத்தை அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. எங்களைக் கூட்டிட்டுப் போன ஏஜென்சி பேரை இங்கே போடலை.

வாட்ஸ்அப்ல வந்த பட்டியல்ல ஒண்ணும் குறையில்லை. டேராடூன்ல இருந்து வண்டி, டென்ட், சாப்பாடு, அனுபவமுள்ள கைடு, மைக்ரோஸ்பைக்ஸ் (பனியில வழுக்காம இருக்க பூட் மேல மாட்டுற, சங்கிலியும் முள்ளும் வச்ச ரப்பர் பட்டை), கெய்ட்டர் (பூட்டுக்குள்ள பனி போகாம கால்ல சுத்துற உறை), ஆக்சிஜன் சிலிண்டர். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் மலைரோட்டுல குலுங்கி, ட்ரெக் தொடங்குற ஊரான சாங்ரி போய் இறங்கினதும் ஸ்பைக்ஸ் எங்கேன்னு கேட்டோம். "மேல பேஸ் கேம்ப்ல தர்றோம்"னாங்க. இந்தப் பதில் வந்தா அங்கேயே நில்லுங்க. சாங்ரியில வாடகைக்காவது எடுக்கலாம். வழியில இருக்கிற ஜூடா கா தலாப் ஏரியைத் தாண்டி 11,000 அடிக்கு மேல போயிட்டா, கொடுத்ததை வாங்கிக்க வேண்டியதுதான்.

உச்சிக்கு ஏறுறதுக்கு முந்தின ராத்திரி, ஒரு சாக்குல இருந்து கொட்டினாங்க. ரப்பர் விரிசல் விட்டிருக்கு. அறுந்த சங்கிலியைக் கட்டுக்கம்பி வச்சு முறுக்கியிருக்காங்க. முள்ளெல்லாம் மழுங்கிப் போச்சு. எனக்கு வந்த ஜோடியில ரெண்டும் வேற வேற சைஸ். அதுவும் எல்லாருக்கும் பத்தலை. "ஒரு கால்ல போட்டா போதும்"னான் கைடா வந்த பையன். அவன் மேல கோபமில்லை, அவனுக்கு என்ன கூலி கொடுத்தாங்களோ!

புதுப் பனியில வெறும் பூட்டே ஓரளவு பிடிக்கும். ஆனா கூட்டம் மிதிச்ச தடம் பகல் வெயில்ல உருகி, ராத்திரிக் குளிர்ல இறுகி, கண்ணாடியாட்டம் ஆயிடும். அங்கே ஸ்பைக்ஸ் இல்லாம கால் வைக்கவே முடியாது. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கிளப்புறது, வெயில் ஏறி சரிவு இளகுறதுக்குள்ள இறங்கிடணும்னுதான். எங்களை இன்னொரு குழுவுக்காகக் காக்க வச்சு, நல்லா விடிஞ்சப்புறம்தான் கிளப்பினாங்க. 12,500 அடி உச்சியில இருந்து இறங்கும்போது கூட வந்த அக்கா ஒருத்தங்க கம்பி கழண்டு சறுக்கிட்டாங்க. வேற குழுவோட கைடு ஒருத்தர் குறுக்கே பாய்ஞ்சு பிடிச்சார். மணிக்கட்டு வீங்கிடுச்சு. முதலுதவிப் பெட்டியில கிரேப் பேண்டேஜ்கூட இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் கீழே சாங்ரியில பத்திரமா இருக்காம்.

அதனால சாங்ரியிலேயே ஸ்பைக்ஸை வாங்கி, ரெண்டு கால்லயும் உங்க சொந்த பூட் மேல மாட்டி, ரப்பரை நல்லா இழுத்துப் பார்த்து, கல்தரையில நாலு எட்டு வைங்க. சரியா இருந்தா உங்க பையிலேயே வச்சுக்கோங்க, சாக்குல திருப்பிப் போட விடாதீங்க. ட்ரெக் போற வழி கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள வருது, அந்த அனுமதிக் கட்டண ரசீதையும் கேட்டு வாங்குங்க, எங்ககிட்ட பேக்கேஜ்ல சேர்த்தாச்சுன்னு சொல்லிட்டு தனியா ஒரு தடவை வசூல் பண்ணாங்க. மேலே தலைவலியோட வாந்தியும் வந்தா, யார் "இன்னும் கொஞ்சம்தான்"னு சொன்னாலும் ஏறாதீங்க, இறங்கிடுங்க.

பணத்தைத் திருப்பிக் கேட்டதுக்கு அடுத்த ட்ரெக்குக்குத் தள்ளுபடி கூப்பன் தர்றாங்களாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன், ஸ்பைக்ஸ் போட்டோவும் வாட்ஸ்அப் பட்டியலும் கையில இருக்கு. உங்களுக்கு வந்த பட்டியலையும் அழிச்சிடாதீங்க.