விறகடுப்புச் சவுனா கூடாரம்: குமரி மாவட்டத்துக்கு எது ஒத்துவரும்?

சவுனா என்பது அடுப்பின் மேல் அடுக்கிய கற்களைச் சூடாக்கி, அந்த வெக்கையில் உட்கார்ந்து வியர்க்கும் பின்லாந்து வழக்கம். மடித்து எடுத்துச் செல்லக்கூடிய விறகடுப்புச் சவுனா கூடாரத்தை வாங்க நினைப்பவர் படிக்கக் கிடைக்கும் தேர்வுக் குறிப்புகள் பெரும்பாலும் பின்லாந்து, ரஷ்யா, கனடா போன்ற பனி நாடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. வெளியே உறைபனி கொட்டும்போது கூடாரம் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதே அவற்றின் முதல் கேள்வி. மார்கழி விடியலிலும் போர்வை ஒன்றுக்கு மேல் தேவைப்படாத நம் மாவட்டத்தில் அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. துணி எவ்வளவு விரைவில் காயும், அடுப்பும் புகைக்குழாயும் உப்புக்காற்றைத் தாங்குமா, தென்னையும் ரப்பரும் அடர்ந்த இடத்தில் தீப்பொறி எங்கே போய் விழும் என்பவற்றைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் நாங்கள் நடத்தும் சிறிய தங்கும் இல்லத்துக்காக ஒற்றையடுக்குக் கூடாரம் ஒன்றை வாங்கி, தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் பயன்படுத்திப் பார்த்த அளவில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஏற்கெனவே வியர்த்துக் கொட்டும் ஊரில் இது எதற்கு என்று கேட்காத உறவினர் எங்களுக்கு இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றைக் கூடாரத்துக்குள் 80 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவியின் அளவு மாறாதிருக்கும்போதே, ஈரப்பத விழுக்காடு பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது கடலோரப் புழுக்கம் அன்று, உலர்ந்த வெக்கை. சூடேறிய கல்லில் ஒரு கரண்டி நீரை ஊற்றும்போது எழும் ஆவி, அந்த உலர்ந்த வெக்கைக்கு மேல் வந்து படிவதால்தான் தோலில் அப்படி உறைக்கிறது. வர்ம வைத்தியசாலைகளில் பிடிக்கும் மூலிகை வேதுவில் வெப்பம் இதைவிடக் குறைவு, ஈரம் மிகுதி; அதையும் இதையும் ஒன்றாக எண்ணி வருபவர்களிடம் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சிக்கல் உள்ளே இல்லை, வெளியே வந்த பிறகுதான் இருக்கிறது. ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை. பின்லாந்தின் ஏரியில் ஒரு நிமிடத்தில் தணியும் உடல், நம் கிணற்று நீரில் தணிய நெடுநேரம் ஆகிறது. ஆகவே ஆற்றங்கரையிலோ குளத்தை ஒட்டியோ கூடாரம் போட வசதியில்லாதவர்கள், குறைந்தது கிணற்றடியில் பெரிய தொட்டியொன்றை நிரப்பி வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் நாங்கள் உள்ளே உட்கார விடுவதில்லை.

இனி துணி. சந்தையில் இருப்பவை பொதுவாக இரண்டு வகை: இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு போன்ற காப்பு அடுக்கு வைத்துத் தைத்தவை, ஒற்றைத் துணியாலானவை. அடுக்கு வைத்ததில் விறகுச் செலவு குறைவு, உச்சிக்கும் தரைக்கும் வெப்ப வேறுபாடு சற்றுக் குறைவு, வெளியிலிருந்து தொட்டால் சுடுவதில்லை. இவை உண்மையான நன்மைகளே. ஆனால் அந்த அடுக்கு ஈரத்தையும் அதே பிடியாகப் பிடித்து வைக்கிறது. நண்பர் ஒருவருடைய அடுக்குக் கூடாரம் ஆனி மாதச் சாரலில் காயப் போட வழியின்றி மடித்தே கிடந்தது. பிரித்தபோது வெளித்துணி புதிது போலத்தான் இருந்தது, உட்புறத் தையல் ஓரங்களில் மட்டும் கடுகளவு கரும்புள்ளிகள் வரிசையாகப் பூத்திருந்தன. வினிகர் கலந்த நீரில் துடைத்ததும் புள்ளிகள் போயின, ஆனால் அடுப்பை மூட்டிய மறுகணம் பூசண நாற்றம் திரும்ப வந்தது. சூடேறும் அறையில் அந்த நாற்றத்தோடு உட்கார யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஒற்றைத் துணிக் கூடாரத்தை வேலை முடிந்ததும் அடுப்பு தணிவதற்குள் கதவைத் திறந்துவிட்டால், எஞ்சிய சூட்டிலேயே பெருமளவு காய்ந்துவிடுகிறது. மழை வெறித்த ஒரு மணி வெயில் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. நம் தட்பவெப்பத்தில் ஒற்றைத் துணியே போதுமான அளவு சூடேறுகிறது என்பதால், அடுக்குக்காகக் கூடுதல் விலையும் கூடுதல் எடையும் சுமப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

மூன்றாவது வழியொன்றும் உண்டு: நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தார்ப்பாய்க் கடையில் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது. செலவு பல மடங்கு குறையும் என்பதால் பலருக்கும் இந்த எண்ணம் வரும். பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய தார்ப்பாய் இந்த வெப்பத்தில் இளகி நாறும். மெழுகு ஏற்றிய கித்தான் தீயை எளிதில் பற்றும். இரண்டும் வேண்டாம்.

விளம்பரப் படங்களில் கூடாரம் பெரிதாகவும் அடுப்பு ஒரு மூலையில் சிறிதாகவும் தெரியும்; தேர்வு அந்த மூலையிலிருந்து தொடங்க வேண்டும். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எந்தத் தரம் என்று கேட்க வேண்டும். 304 தர எஃகு மலையோரத்துக்குப் போதும்; முட்டம், குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோரத்தில் வைத்துப் பயன்படுத்துவோருக்கு மாலிப்டினம் கலந்த 316 தரம் கிடைத்தால் நல்லது, ஏனெனில் உப்பிலுள்ள குளோரைடு 304-இல் பொட்டுப் பொட்டாகக் குழி பறிக்கும். பொருள் கைக்கு வந்ததும் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம்: 304, 316 ஆகியவற்றில் காந்தம் வலுவாக ஒட்டாது, பலமாக ஒட்டினால் வந்திருப்பது மலிவான 430 தரமோ வெறும் இரும்போதான். டைட்டானியம் அடுப்புகள் துருவுக்கு அஞ்சாதவை, எடையும் மிகக் குறைவு. முதுகில் சுமந்து மலையேறுபவர்களுக்கு அவை தகும், தோட்டத்தில் ஓரிடத்தில் நிறுத்துபவருக்கு அந்த விலை வீண்.

புகைக்குழாயைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை தேவை. எங்களுக்குக் கூடுதலாக ஒரு துண்டுக் குழாய் வேண்டியிருந்தபோது பட்டறைக்காரர், “ஜி.ஐ. தகட்டுல சுருட்டித் தாறேன் சார், துரு ஏறவே ஏறாது” என்றார். அவர் சொன்னது மழைநீர்க் குழாய்க்குப் பொருந்தும். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு; துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். அடுப்பை ஒட்டிய குழாய்ப் பகுதி அதற்கும் மேலே எளிதில் போகக்கூடியது. பூச்சு மேலும் சூடேறிப் புகைந்து, அந்தத் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும் என்பது வெல்டிங் தொழிலாளர்கள் நன்கறிந்த செய்தி. கூலி கூடினாலும் எஃகுத் தகட்டிலேயே செய்துகொள்ள வேண்டும். குழாயின் உச்சியில் பொறித் தடுப்பு வலையும், குழாய் துணியைத் துளைத்துச் செல்லும் இடத்தில் வெப்பம் தாங்கும் வளையமும் இல்லாத கூடாரத்தை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

காற்றோட்டத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கிலோ உலர்ந்த விறகு எரிய ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்று தேவை. இரண்டு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள கூடாரத்தில் இருப்பதே 8 கன மீட்டர்தான். அதாவது இரண்டு கிலோ விறகு எரிவதற்குள், உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் அடுப்பு விழுங்கியிருக்கும். அடுப்புக்கு அருகில் தரையோடு ஒரு திறப்பும் எதிர்ப்பக்கம் மேலே மற்றொன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். அவற்றை மூட முடியாதபடி தைத்திருந்தால் இன்னும் சிறப்பு, ஏனெனில் சூடு போய்விடுகிறதே என்று யாராவது ஒருவர் மூடத்தான் செய்வார். காற்று போதாமல் விறகு எரியும்போது உண்டாகும், நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை உணர்த்தும் கருவியை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைப்பதற்கில்லை: அவற்றில் பெரும்பாலானவை 80 டிகிரி வெப்பத்தில் இயங்குவதற்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. விறகு போடும் கதவு கூடாரத்துக்கு வெளியே திறக்கும்படி அமைந்த அடுப்புகளும் விற்கின்றன. காற்றை வெளியிலிருந்தே இழுத்துக்கொள்வதாலும், சாம்பலும் பொறியும் உள்ளே சிந்தாததாலும், நான் இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் அத்தகையதையே தேடுவேன்.

விறகைப் பற்றி வெளிநாட்டுக் குறிப்புகள் பூர்ச்ச (பிர்ச்) மரம் என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்கின்றன. இங்கே கைக்கு எட்டுவது ரப்பர். மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் மரத்தைப் பிளந்து, கூரையின் கீழ் அடுக்கி, அடிக்கும்போது ‘டங்’ என்ற ஓசை வரும்வரை காய வைத்தால் அது நல்ல விறகு. ஈரம் போகாத ரப்பரை எரித்தால் புகைக்குழாயின் பொருத்துகளில் கருந்தேன் போன்ற தார் வடிந்து, கூடாரத் துணியில் சொட்டு விழுந்த இடம் எந்தச் சோப்புக்கும் மசியாது. மரச்சாமான் பட்டறையிலிருந்து வரும் ரப்பர்த் துண்டுகள் நன்றாகக் காய்ந்திருந்தாலும், புழு அரிக்காதிருக்கப் போரான் மருந்து ஏற்றியவையாக இருக்கலாம் என்பதால் அவற்றைத் தவிர்க்கிறோம். புளி, அயனி, கொல்லாமரம் ஆகியவை நிதானமாக எரிகின்றன. சிரட்டை பற்றவைக்க உதவும். ஆனால் அடுப்பு நிறையச் சிரட்டையைப் போட்டால் மெல்லிய தகடு சிவந்து நெளிந்துவிடும். கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) காய்ந்த ஓலையும் பறக்கும் தீத்துணுக்குகளை உண்டாக்குபவை. அவற்றைக் கூடாரத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது. கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெய் தோலையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கக்கூடியது என்பதை முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் கைகளே சொல்லும்; அதன் புகையும் வேண்டாம்.

கல்லுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, ஆனால் கிடைக்கும் எல்லாக் கல்லும் இதற்கு உதவாது. இங்குள்ள மலைகளும் குவாரிகளும் பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸ் வகைப் பாறைகளுமாக இருப்பதால், அவற்றில் குவார்ட்சு என்ற படிகக் கனிமம் கணிசமாக உண்டு. குவார்ட்சு 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரிவதால், அடுப்புத் தகட்டை ஒட்டி அடியில் வைத்த கல் சூடேறியும் குளிர்ந்தும் நாளடைவில் பொரிந்து உதிர்கிறது. கடையில் விற்கும் சவுனா கற்கள் குவார்ட்சு மிகக் குறைந்த ஆலிவின், டயாபேஸ் வகைகள். உள்ளூரில் எடுப்பதானால், வெள்ளைப் பொட்டுகளோ மினுமினுப்போ இல்லாத, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும் கறுத்த டோலரைட்டாக (டயாபேஸின் மறுபெயர்) பார்த்து எடுக்கலாம். ஆற்றில் கிடக்கும் வழவழப்பான உருண்டைக் கற்கள் கண்ணுக்கு அழகு. உள்ளே சிறைப்பட்ட நீர் ஆவியாகும்போது அவை வெடிக்கும். எந்தக் கல்லானாலும் திறந்த வெளியில் ஒரு முறை நன்றாகச் சுட்டு, தள்ளி நின்று நீர் தெளித்து, விரிசல் விட்டதை ஒதுக்கிய பிறகே உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். 20 கிலோவுக்குக் குறையாத கல்லைத் தாங்கும் அடுப்பே ஆவியை மெதுவாகத் தரும்.

இருக்கையைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். வெப்பம் உச்சியில் திரள்வதால், தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தால் தலை கொதிக்கும், கால் குளிரும். பின்லாந்து மரபில் பாதம் அடுப்புக் கல்லின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பார்கள். கூடாரத்தின் உயரத்தில் அது முழுமையாக நடவாது என்றாலும், கால் வைக்க ஒரு படியோடு உயரமான அயனிப் பலகை ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்தால் வேறுபாடு உடனே தெரிகிறது. ஆணித்தலை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது.

இடத்தைப் பொறுத்தவரை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்ததற்கான காரணமே கூடாரத்துக்கு எதிரி. அங்கே காற்றுக் காலத்தில் இதை நினைக்கவே வேண்டாம். கடற்கரை மணலில், உடன் வரும் குட்டை முளைகள் நிற்பதில்லை. மணல் மூட்டைகளில் கயிற்றைக் கட்டிப் புதைக்க வேண்டும். ரப்பர் தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: மரங்கள் இலையுதிர்ப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, விருந்தினர் அதிகம் வருவதும் அதே மாதங்களில்தான். சருகு முழங்கால் அளவு கிடக்கும் அந்த நாட்களில், கூடாரத்தைச் சுற்றி நன்றாகப் பெருக்கி, நீர் தெளித்து, வாளிகளை நிரப்பி வைக்காமல் நாங்கள் தீ மூட்டுவதில்லை. காளிகேசம், கீரிப்பாறை போன்ற இடங்களின் ஓடைகள் ஆசை காட்டும். ஆனால் காப்புக்காட்டிலும் வனவிலங்குச் சரணாலயத்திலும் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம்.

விற்பனையாளர்கள் உடல்நலம் குறித்துச் சொல்பவற்றைச் சற்றுத் தள்ளி வைத்தே கேட்க வேண்டும். அவர்கள் சுட்டும் ஆய்வு பெரும்பாலும் 2015-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான பின்லாந்து ஆய்வுதான்: 2,315 நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, அடிக்கடி சவுனாவில் உட்கார்ந்தவர்களிடையே இதயச் சாவுகள் குறைவாக இருந்ததைக் கண்டது. அவர்கள் சிறு வயதிலிருந்தே பழகியவர்கள். அந்த முடிவை நம் விருந்தினருக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போக வேண்டாம். மது அருந்தியவரை எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் விடக் கூடாது.

விலையைப் பொறுத்தவரை, பின்லாந்தின் சவோட்டா, ரஷ்யாவின் மோர்ஷ் போன்ற பெயர்பெற்ற தயாரிப்புகளின் தரத்தில், அடுப்போடு சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல் எண்ணிக்கொள்ள வேண்டும். சுங்க வரியும் அனுப்புசெலவும் தனி. அடுப்பின் எடையே அனுப்புசெலவை ஏற்றிவிடுவதால், கூடாரத்தை மட்டும் வெளியிலிருந்து வரவழைத்து, அடுப்பை எஃகு வேலை தெரிந்த உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ள முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். புகைக்குழாயின் விட்டம் துணியிலுள்ள வளையத்தோடு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தினால் முடியும். எந்த வழியில் போனாலும், பணம் அனுப்புவதற்கு முன் அந்த வளையமும் கதவின் ஜிப்பும் தனி உதிரிப் பாகங்களாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றிலும் சூட்டிலும் முதலில் போவது அவை இரண்டுமே.