எல்எஸ்டியும் அதன் பெயரில் வருபவையும்: எதில் ஆபத்து எவ்வளவு?

எல்எஸ்டி போல ஆய்வகத்தில் செய்யப்படும் சைக்கெடெலிக்குகள், அதாவது புலன்களையும் எண்ணத்தையும் புரட்டிப்போடும் போதைப்பொருட்கள், பற்றிப் பேசும்போது ஒரு தரப்பு "எல்லாமே விஷம்" என்கிறது, இன்னொரு தரப்பு "உயிருக்கு ஒன்றும் ஆகாது" என்கிறது. இரண்டுமே தப்பு. இவை எல்லாம் முக்கியமாகப் போய் ஒட்டுவது மூளையின் 5-எச்டி2ஏ என்ற செரட்டோனின் ஏற்பியில்தான் (மூளையின் வேதிப்பொருளான செரட்டோனின் வந்து ஒட்டும் இடம்). ஆனால் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எல்எஸ்டியிலிருந்து தொடங்கலாம். 1938ல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் தயாரித்தது. அது மனதை என்ன செய்யும் என்று அவருக்கே 1943ல்தான் தெரிந்தது. அத்தனை வருடப் பதிவு இருப்பதே இதன் பெரிய பலம். 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் 8 பேர் கொக்கெய்ன் என்று நினைத்து எல்எஸ்டி பொடியை மூக்கில் உறிஞ்சிவிட்டார்கள். வாந்தி, காய்ச்சல், சிலருக்கு நினைவே தப்பியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனதில் எட்டுப் பேருமே பிழைத்தார்கள். இதன் ஆபத்து உடம்பைவிட மனதில்தான் அதிகம்: பீதி, அந்த நிலையில் நடக்கும் விபத்து, குடும்பத்தில் மனச்சிதைவு அல்லது இருதுருவ நோய் இருப்பவர்களுக்கு அது கிளறிவிடப்படும் அபாயம். இருதுருவ நோய்க்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வலிப்பு வந்த பதிவுகளும் உண்டு. "சாது" என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கூட்டத்தில் உடம்புக்கு ஓரளவு கணிக்க முடிந்தது இதுதான்.

என்பாம் (NBOMe) என்ற சைக்கெடெலிக் வகை இதற்கு நேர் எதிர். 2003ல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹைம், ஏற்பிகளை ஆராய்வதற்காக உருவாக்கியவை இவை. மனிதர்கள் சாப்பிடுவதற்கு என்று யாரும் செய்யவில்லை. 2010 வாக்கில் சந்தைக்கு வந்தன, அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் இளைஞர்களின் மரணச் செய்திகளும் வந்தன. வலிப்பு, கட்டுக்கடங்காத உடல் சூடு, தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழப்பது, ரத்தநாளம் இறுகுவது என்று பட்டியல் நீளும். 2015ல் இந்த வகையைச் சேர்ந்த 25ஐ, 25பி, 25சி மூன்றும் ஐ.நா.வின் தடைப் பட்டியலில் சேர்ந்தன. கொடுமை என்னவென்றால், மைக்ரோகிராம் கணக்கிலேயே வேலை செய்வதால் இதுவும் எல்எஸ்டி போலவே ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும், எல்எஸ்டி என்று சொல்லியே விற்றுவிடலாம்.

புரோமோ-டிராகன்ஃபிளை என்ற சைக்கெடெலிக் இன்னும் மோசம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கல்ஸின் ஆய்வகத்தில் 1990களில் பிறந்தது. ரத்தநாளங்களை அது இறுக்கிய இறுக்கில், சுவீடனில் ஒருவருக்கு விரல்கள் அழுகி, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 2011ல் ஓக்லஹோமாவில் இதைச் சாப்பிட்டு இறந்தவர்கள் 2சி-இ என்ற வேறொரு சைக்கெடெலிக் என்று நம்பி வாங்கியிருந்தார்கள்.

டிஓஎம் என்ற சைக்கெடெலிக் பழைய கதை, ஆனால் பாடம் வேறு. 1967ல் சான் பிரான்சிஸ்கோவில் 'எஸ்டிபி' என்ற பெயரில் மாத்திரையாகப் புழங்கியது. மெதுவாகத்தான் ஏறும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றைப் போட்டவர்கள் அதிகம். ஏறிய பிறகு 14 முதல் 20 மணி நேரம் இறங்காது. அவசரப் பிரிவுகளுக்கு ஓடிவந்தார்கள்.

2சி-பி இவற்றின் நடுவில் நிற்கிறது. தனியாக அது மட்டும் உயிர் குடித்ததாகப் பதிவுகள் மிகக் குறைவு. அதே குடும்பத்தின் 2சி-டி-7 அப்படியல்ல. மூக்கில் உறிஞ்சியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆக, பெயரில் '2சி' இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்று 'பிங்க் கொக்கெய்ன்' என்று விற்கும் பொடியில் 2சி-பி இருப்பதே அபூர்வம், பெரும்பாலும் கேட்டமின் என்ற மயக்க மருந்தின் கலவைதான்.

சரி, அப்படியானால் இந்தக் கூட்டத்தில் எல்எஸ்டிதான் ஆபத்து குறைந்ததா? மூலக்கூறாகப் பார்த்தால் ஆமாம். 2010ல் லான்செட் இதழில் பிரிட்டிஷ் மருந்தியலாளர் டேவிட் நட் குழு வெளியிட்ட, போதைப்பொருட்களின் தீங்குப் பட்டியலில் மதுவுக்கு 100க்கு 72 புள்ளி, எல்எஸ்டிக்கு 7. ஆனால் அந்த 7 எல்எஸ்டிக்குப் போட்டது, எல்எஸ்டி என்று சொல்லி யாரோ நீட்டும் காகிதத்துக்குப் போட்டதல்ல. போதைப்பொருளைச் சோதிக்கும் திரவமான எர்லிக் கரைசல், எல்எஸ்டி பட்டால் ஊதாவாகும், என்பாம் பட்டால் ஆகாது. எவ்வளவு இருக்கிறது, கூட வேறென்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. நாக்கில் கசந்தால் அது எல்எஸ்டி இல்லை என்பார்கள். கசக்கவில்லை என்பதால் எல்எஸ்டி என்றும் ஆகிவிடாது.

யாருக்காவது உடம்பு கொதிக்கிறது, வலிப்பு வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, விரல் நுனி நீலமாகிறது என்றால் "கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்" என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். என்பாமுக்கு மாற்றுமருந்து கிடையாது. பென்சோடயசபைன் (வலிப்பையும் பதற்றத்தையும் அடக்கும் மருந்து) கொடுத்து, உடம்பைக் குளிர்வித்து, உறுப்புகளைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையிலும் அது தெரியாது. அதனால் மருத்துவரிடம் "எல்எஸ்டி சாப்பிட்டான்" என்று சொல்லாமல், "எல்எஸ்டி என்று சொல்லிக் கொடுத்ததைச் சாப்பிட்டான்" என்று சொல்லுங்கள்.