50 ஆயிரம் டாலர் கணக்கில் உங்களுடையது 2,000 மட்டுமே: டாப்ஸ்டெப்பா, அபெக்ஸா?

கட்டணம் வாங்கித் தேர்வு வைத்து, பாஸானவர்களுக்குத் தங்கள் கணக்கில் ஃபியூச்சர்ஸ் டிரேடு செய்ய விட்டு லாபத்தில் பங்கு தருபவை ஃபியூச்சர்ஸ் பிராப் கம்பெனிகள். அவற்றின் விளம்பரங்களில் 50 ஆயிரம், ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் டாலர் என்று எண்கள் மின்னும். அதை வைத்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது வீண். எவ்வளவு நஷ்டத்தில் கணக்கை மூடுவார்கள், அந்த எல்லைக்கோடு எப்போது மேலே ஏறும் என்ற இரண்டும்தான் முக்கியம். சிகாகோவைச் சேர்ந்த டாப்ஸ்டெப்பின் 50 ஆயிரம் தேர்வுக் கணக்கில் 3,000 டாலர் லாபம் காட்டினால் பாஸ், 2,000 டாலர் போனால் அவுட். மீதி 48 ஆயிரமும் திரை அலங்காரம். (இங்குள்ள எண்கள் 2025 நிலவரம். இந்தக் கம்பெனிகள் விதியை மாற்றச் சலிப்பதே இல்லை, கட்டும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.)

டெக்சாஸைச் சேர்ந்த அபெக்ஸ் 2025-ல் அதே அளவு கணக்குக்கு 2,500 டாலர் நஷ்டம்வரை இடம் தந்தது. 500 கூடுதல்தானே என்று தோன்றும். ஆனால் அபெக்ஸ் பெயர் வாங்கிய கணக்குகளில் எல்லைக்கோடு ஒவ்வொரு டிக்கிலும் (விலையின் மிகச் சிறிய அசைவிலும்) நகரும், மூடாத டிரேடின் லாபத்தையும் சேர்த்துக்கொண்டு. ஒரு இஎஸ் கான்ட்ராக்ட் (எஸ்&பி 500 குறியீட்டின் ஃபியூச்சர்ஸ்) வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 20 புள்ளி ஏறுகிறது; புள்ளிக்கு 50 டாலர் வீதம் 1,000 டாலர் லாபம் திரையில் தெரிகிறது. 47,500-ல் இருந்த கோடு 48,500-க்குப் போய்விட்டது. விலை திரும்பி வந்து, வாங்கிய இடத்திலேயே வெளியேறுகிறீர்கள். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் உங்களிடம் மிச்சம் இருப்பது 2,500 இல்லை, 1,500. ஏறிய கோடு இறங்காது. அதே டிரேடை டாப்ஸ்டெப்பில் எடுத்திருந்தால் கோடு 48,000-லேயே நின்றிருக்கும், ஏனென்றால் அங்கே நாள் முடிவின் இருப்பை வைத்துத்தான் கோட்டை நகர்த்துகிறார்கள்.

ஆகவே பத்து புள்ளி கிடைத்ததும் பிராக்கெட் ஆர்டரில் (லாப இலக்கும் ஸ்டாப்பும் முன்பே வைத்த ஆர்டர்) வெளியேறும் ஸ்கால்பருக்கு, அதாவது சின்ன அசைவில் சட்டென்று லாபம் எடுப்பவருக்கு, அபெக்ஸ் முறை பெரிய இடைஞ்சல் இல்லை. லாபத்தை ஓடவிட்டு, பாதி திரும்பினாலும் பொறுத்திருப்பவருக்கு அது பொறி. முதல்முறை வருகிறவர்களுக்கு டாப்ஸ்டெப்பையே சொல்வோம்.

நாள் முடிவு முறையிலும் ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. கோடு நகர்வதுதான் நாள் முடிவில்; அதைத் தொட்டீர்களா என்ற சோதனை சந்தை நடக்கும் நேரம் முழுக்க நடக்கும். திறந்திருக்கும் நஷ்டத்தோடு சேர்த்து ஒரு விநாடி 48,000-ஐத் தொட்டாலும் கணக்கு போச்சு, பிறகு விலை மீண்டாலும் பயனில்லை.

2,000 டாலரை வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு டிரேடுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 டாலர் ரிஸ்க் என்றால், ஒரு என்கியூவில் (நாஸ்டாக் 100 குறியீட்டின் மினி கான்ட்ராக்ட், புள்ளிக்கு 20 டாலர்) ஸ்டாப்புக்கு, அதாவது நஷ்டத்தோடு தானாக வெளியேறும் இடத்துக்கு, கிடைப்பது 10 புள்ளி. நியூயார்க் தொடக்கத்தில் அது சில விநாடி அசைவு. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள எம்என்கியூ (மைக்ரோ) இரண்டு எடுத்தால் அதே பணத்துக்கு 50 புள்ளி இடம் கிடைக்கும். ஐந்து மினி வரை அனுமதி இருக்கிறது என்பதற்காக ஐந்தும் போடுகிறவர்களால்தான் ரீசெட் கட்டண (தோற்ற தேர்வை மறுபடி தொடங்கக் கட்டும் பணம்) வியாபாரம் ஓடுகிறது.

அடுத்தது சீர்மை விதி, அதாவது லாபம் ஒரே நாளில் குவியக்கூடாது என்பது. டாப்ஸ்டெப் தேர்வில் ஒரே நாள் லாபம் மொத்த லாபத்தில் பாதியை எட்டக்கூடாது. ஒரு நாளில் 1,800 அடித்துவிட்டால் தோல்வி இல்லை, ஆனால் மொத்தம் 3,600-ஐத் தாண்டும்வரை ஓட வேண்டும். அபெக்ஸ் பணம் எடுக்கும்போது 30 சதவீதம் என்றது. அங்கே அதே 1,800-க்கு 6,000 தேவை. செய்தி நாளில் ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

பாஸான பிறகு வரும் பொறி இன்னும் நுட்பமானது. டாப்ஸ்டெப்பின் ஃபண்டட் கணக்கு (பாஸானவருக்குத் தரும், லாபத்தை எடுக்கக்கூடிய கணக்கு) பூஜ்யத்தில் தொடங்கும், எல்லை மைனஸ் 2,000. குறைந்தபட்ச லாபம் காட்டிய ஐந்து நாட்கள் சேர்ந்ததும் இருப்பில் பாதிவரை எடுக்கலாம். எடுத்த உடனே எல்லை பூஜ்யத்துக்கு வந்துவிடும். இருப்பு 1,000 ஆனதும் அவசரப்பட்டு 500 எடுத்தால், அதுவரை 2,000 டாலராக இருந்த இடைவெளி 500 ஆகச் சுருங்கும். அதற்குப் பிறகு இரண்டு, மூன்று சாதாரண ஸ்டாப் போதும், கணக்கு காலி. இருப்பு 4,000 ஆன பிறகு பாதியை எடுத்தால், மிச்ச 2,000 அப்படியே இடைவெளியாக நிற்கும்.

செலவில் அபெக்ஸ் மலிவாகத் தெரியும். 2025-ல் 50 ஆயிரம் கணக்கின் பட்டியல் விலை மாதம் 167 டாலர் என்றாலும், 80, 90 சதவீதக் கூப்பன் வராத வாரம் அபூர்வமாக இருந்தது. முழு விலை கட்டாதீர்கள். டாப்ஸ்டெப்பில் மாதம் 49, பாஸானதும் ஃபண்டட் கணக்கைத் திறக்கும் ஆக்டிவேஷன் கட்டணம் 149. அபெக்ஸிலும் ஆக்டிவேஷன் தனி. 20 கணக்குவரை வைத்துக்கொண்டு டிரேட் காப்பியரில் (ஒரு கணக்கின் டிரேடை மற்றவற்றிலும் நகலெடுக்கும் மென்பொருள்) ஓட்ட நினைப்பவர்கள் அங்கே போவதற்குக் காரணம் இந்த விலைதான். ஒரு கணக்கில் வாங்கி மற்றொன்றில் விற்று வைப்பது மட்டும் எங்கேயும் கூடாது, பேஅவுட் (லாபப் பணம் எடுக்கும்) நேரத்தில் பிடித்துவிடுவார்கள். கணக்கு தோற்றாலும் மாதச் சந்தா தானாக நிற்காது. டாஷ்போர்டில் போய் நீங்களே ரத்து செய்ய வேண்டும்.

கார்டை நீட்டும் முன் உங்கள் நாடு தடைப் பட்டியலில் இல்லை என்பதையும், பேஅவுட் எந்த வழியில் வரும் என்பதையும் பாருங்கள். இந்தியாவிலிருந்து ஆடுகிறவர்களுக்குக் கடிகாரமும் ஒரு விதி. டாப்ஸ்டெப்பில் சிகாகோ நேரம் மதியம் 3:10-க்குள் எல்லாப் பொசிஷனும் மூடியிருக்க வேண்டும். அது கோடையில் நமக்கு நள்ளிரவு 1:40, நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் மாறியதும் 2:40.