கபடி கோச்சாக யாரை அழைப்பது: பேர் வாங்கிய வீரரா, பாதியில் நின்றவரா?

தருமபுரி பக்கம் கிராமங்களில் கபடி டீமுக்குக் கோச் தேடினால் இரண்டு வகை ஆட்கள் கண்ணில் படுவார்கள். மாநில அளவில் பேர் வாங்கியவர் ஒருவர். காயம் பட்டு சீக்கிரமே ஆட்டத்தை விட்டவர் இன்னொருவர். பெரும்பாலும் முதலாமவரைத்தான் கூப்பிடுகிறோம்.

ஐஸ் ஹாக்கியில் இந்த இரண்டுக்குமே பெரிய உதாரணம் உண்டு. வெய்ன் கிரெட்ஸ்கி என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் 894 கோல் அடித்தவர். 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். நான்கு சீசனிலும் அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை. அணியும் அப்போது பலமாக இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்டி போமன் இளையோர் ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டவர். என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் பயிற்சியாளராக மான்ட்ரியல், பிட்ஸ்பர்க், டெட்ராய்ட் என மூன்று அணிகளோடு அந்த லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை 9 முறை வென்றார்.

நம் ஊருக்கு வருவோம். பேர் பெற்ற ரெய்டர் வந்தால் பையன்கள் திரண்டு வருவார்கள், ஸ்பான்சரும் கிடைக்கும். ஆனால் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து கூடுதல் புள்ளி எடுப்பது அவருக்கு உடம்பில் ஊறிய விஷயம். "இப்படிப் போடுடா" என்று செய்து காட்டுவார். பையனுக்கு ஏன் வரவில்லை என்பது பிடிபடாது. காயத்தால் பாதியில் நின்றவரோ, தடுப்பு வரிசையின் ஓரத்தில், கார்னரில் நிற்கும் பையனின் காலைப் பார்ப்பார். "வெயிட் எல்லாம் குதிகால்ல இருக்கு, அதான் கணுக்காலுக்குப் பாயும்போது லேட் ஆகுது" என்பார். அடுத்த பிடியிலேயே வித்தியாசம் தெரியும்.

என் ஓட்டு இவருக்குத்தான், தினமும் சாயங்காலம் தவறாமல் வருவார் என்றால். பேர் பெற்றவரைப் போட்டிக்கு முந்தின வாரம் அழைத்து, ரெய்டு மட்டும் சொல்லித்தரச் சொல்லலாம்.